வீட்டு ஆளுக்கு எதற்கு டிப்ஸ்?

மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில்கூடச் சமையல் எப்படியோ நடந்துவிடும். ஒருத்தி ஆக்குவாள், மற்றவள் பசியில்லை என்பாள். உணவகத்தில் அந்த வசதி கிடையாது. ஆக்குகிறவள் உள்ளே, பரிமாறுகிறவள் வெளியே, நடுவில் ஒரு ஜன்னல். "மூணாம் டேபிளுக்கு ரெண்டு சாப்பாடு" என்று இவள் சொல்லித்தான் ஆக வேண்டும், அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்து அந்த உணவகத்தில் புதன்கிழமை முதல் அந்த ஜன்னல் வழியாகத் தட்டுகள் மட்டும் போய்வந்தன. மாமியார் பேச வேண்டியதையெல்லாம் பாத்திரத்திடம் பேசினாள். "உப்பு தீர்ந்து ஒரு மணி நேரமாச்சு. கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்று சூப் பானையைப் பார்த்துச் சொல்வாள். மருமகள் உப்பு டப்பாவை நிரப்பி ஜன்னல் மேடையில் வைப்பாள். பானை வாங்கிக்கொள்ளும்.

போன வாரம் நாம் விட்ட இடம் நினைவிருக்கும். துவைக்கப் போட்ட ஏப்ரனின் பையிலிருந்து ஈர நோட்டு ஒன்றை உருவிய மாமியார், புதன்கிழமை காலையில் டீ குடிக்கக் கூடியிருந்த வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் அதைத் தூக்கிப் பிடித்தாள். "நம்ம வீட்டு மருமக எச்சித் தட்டுக் காசை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கா, பாருங்க" என்றாள். பிறகு அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டு அழுத்தி மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த டப்பாதான் கடையின் சட்டம். யார் மேஜையில் யார் வைத்துவிட்டுப் போன டிப்ஸும் அதற்குள் போக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் திறந்து, பரிமாறுகிறவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். வீட்டு ஆட்களுக்குப் பங்கு இல்லை. வீட்டு ஆட்களுக்குச் சம்பளமும் இல்லை. கடையே நம்முடையது, நமக்கு நாமே சம்பளம் கொடுத்துக்கொள்வதா என்பது மாமனாரின் நியாயம். கேட்கிறவர்களுக்கும் அது நியாயமாகத்தான் படும், கேட்கிறவர் நாள் முழுக்க நின்று பரிமாறாதவராக இருந்தால்.

மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். மாதம் பிறந்தால் கையில் சம்பளக் கவர் வரும். கல்யாணப் பேச்சின்போது மாமனார் அன்பாகத்தான் சொன்னார், இன்னொருவர் கடையில் நின்று கஷ்டப்பட வேண்டாம், நம் கடைக்கே வந்துவிடம்மா என்று. வந்தாள். கஷ்டம் அப்படியே கூட வந்தது. கவர் மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது.

மாமனார் கஞ்சர் அல்ல. இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் செய்யும் அநியாயம். செருப்பு அறுந்துவிட்டது என்று கணவன் மூலம் சொல்லியனுப்பினால், ஒரு ஜோடிக்குக் கேட்ட இடத்தில் இரண்டு ஜோடிக்கு எடுத்துக் கொடுப்பார். ஆனால் கேட்க வேண்டும். செருப்புக்கும் கேட்க வேண்டும், தங்கச்சி பிறந்தநாளுக்கு ஒரு துணி எடுக்கவும் கேட்க வேண்டும். கேட்டால் உண்டு என்பதும் கையில் உண்டு என்பதும் ஒன்றல்ல என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன.

அந்த நோட்டு வந்த கதை இதுதான். அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு பெண் தனியாகக் குழந்தையோடு பேருந்தில் வந்து இறங்கினாள். குழந்தை உட்கார்ந்த கையோடு மேஜை மேலேயே வாந்தி எடுத்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மருமகள்தான் குழந்தையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கழுவி, வெந்நீர் கொடுத்து, தன் துண்டால் சுற்றி, தாய் சாப்பிட்டு முடிக்கும் வரை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற மேஜைகளுக்கும் தட்டு எடுத்துப் போனாள். கிளம்பும்போது அந்தப் பெண் கல்லாப் பக்கம் இருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒரு நோட்டை மடித்து இவள் கையில் வைத்து, விரல்களை மூடி, "இது அந்த டப்பாவுக்கு இல்ல, உங்களுக்கு" என்றாள்.

அதை என்ன செய்வது என்று அவள் முடிவு செய்யவில்லை. செலவழிக்கவும் இல்லை. தட்டு எடுத்துப் போகும்போது நடுநடுவே பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த திருட்டு.

சனிக்கிழமை விடிந்தது. டப்பா திறக்கும் நாள். எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அந்த நோட்டு வெளியே வரும். துவைத்த நோட்டு என்பதால் பார்த்ததும் தெரியும்.

காலையில் ஸ்டோர் ரூமில் கணவன் வெங்காய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். சந்தைக்குப் போவது, சரக்கு வாங்குவது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக இருப்பது இவை மூன்றும் அவன் வேலை. மூன்றிலும் கெட்டிக்காரன். புதன்கிழமை அம்மா நோட்டைத் தூக்கிப் பிடித்தபோதும் அவன் அங்கேதான் இருந்தான். டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தான்.

அவள் மூட்டை மேல் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டாள். அம்மாவின் கோபம் பால் பொங்குகிற மாதிரி, அடுப்பைக் குறைத்தால் அடங்கிவிடும், நாம் கரண்டியை விடுவானேன் என்றான். அவனுக்குச் சமையலறை உவமைகள் நன்றாக வரும்.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு. நான் அப்பாகிட்ட வாங்கித் தரேன்."

"நீங்க வாங்கித் தர வேணாம்."

"பின்னே?"

"எனக்கு யாரும் வாங்கித் தர வேண்டியது இல்லாம இருக்கணும். அதுதான் வேணும்."

அவனுக்குப் புரியவில்லை. புரியாத விஷயத்தைச் சரிசெய்ய அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். அவள் வெளியே போனதும் நேராகக் கல்லாவுக்குப் போய், அவளுக்கும் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று அப்பா காதில் போட்டுவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் போட்டான்.

மத்தியானம் அடுத்தடுத்து இரண்டு பேருந்துகள் வந்து நின்றன. ஒரே நேரத்தில் அத்தனை பேரும் கழிப்பறையைத் தேடினார்கள், அத்தனை பேரும் முதலில் சாப்பாடு வர வேண்டும் என்றார்கள். பேருந்து கிளம்பிவிடும் என்ற பயத்தில் மனிதர்கள் சூடு பார்க்காமல் விழுங்குவார்கள். பரிமாறுகிற நெட்டை இடது கையில் நான்கு தட்டு அடுக்கிக்கொண்டு பறந்தான். கடைக்கு வந்து சேர்ந்த நாளில் அவனுக்கு வேறொரு பெயர் இருந்தது. உயரத்தைப் பார்த்ததும் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஓட்டுநரும் நடத்துநரும் உட்காரும் மூலை மேஜை மருமகளுடையது. பேருந்தை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் என்பதால் அவர்களுக்குச் சாப்பாடு இலவசம். பில் இல்லாத மேஜையில் டிப்ஸும் விழாது. அதனால் யாரும் அந்த மேஜைப் பக்கம் விரும்பிப் போவதில்லை. எப்படியும் உனக்குப் பங்கு இல்லையே, அதை நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று மாமனார் ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து அவள் பார்த்துக்கொள்கிறாள். எந்த ஓட்டுநருக்குக் காரம் ஆகாது, எவருக்குச் சாப்பிட்டதும் சர்க்கரை இல்லாத டீ வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

மற்ற மேஜைகளில் டிப்ஸ் விழும் அழகே தனி. லாரி ஓட்டுகிறவர்கள் எழுந்திருக்கும்போதே கையில் திணித்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவார்கள். காரில் வரும் குடும்பத்தில் கணவர் ஒரு நோட்டை வைத்துவிட்டு முன்னால் நடப்பார். பின்னால் வரும் மனைவி அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு சில்லறையை வைப்பாள். வைத்த டிப்ஸைப் பரிமாறியவர் பார்த்தாகிவிட்டதா என்று தெரியும் வரை வாசலில் நின்று பல் குத்துகிறவர்களும் உண்டு. ஒன்றுமே வைக்காதவர்கள்தான் வாய் நிறையப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நெட்டை அதற்கு வாய் டிப்ஸ் என்று பெயர் வைத்திருந்தான்.

வழக்கமாக இப்படி ஏதாவது நடந்தால் அவன் தூரத்திலிருந்தே மருமகளுக்குக் கண்ணைக் காட்டுவான். இன்றைக்குக் காட்டவில்லை. ஜன்னலோர மேஜையை அவள் துடைக்கப் போனபோது, தண்ணீர் டம்ளருக்கு அடியில் ஒரு நோட்டும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. எடுத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டு மேஜை தள்ளி நெட்டை காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பார்த்தது அவள் முகத்தை அல்ல, கையை.

அவள் அந்தக் காசை எல்லோரும் பார்க்கும்படி இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லா வரை நடந்து டப்பாவில் போட்டாள். சில்லறை விழுந்த சத்தம் கேட்டது. கண் கலங்கிவிட்டது. மாமியார் சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நெட்டையே வந்து நின்றான். காதைச் சொறிந்துகொண்டான். உங்களை நான் திருடி என்று நினைக்கவில்லை அண்ணி என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். குழந்தை, வாந்தி, கையில் வைத்து மூடிய நோட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

தன்னை வேலைக்கு எடுத்த நாளை அவன் நினைவுபடுத்தினான். "சம்பளம் இவ்வளவு, மேல டிப்ஸ் இருக்கு" என்று முதலாளி சொன்னபோது கையை மேலே காட்டினாராம். மழை மாதிரி மேலேயிருந்து விழும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டானாம். சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. வீட்டில் அடுப்பு எரிவது டப்பாவை நம்பித்தான்.

"எனக்கும்தான் அண்ணி கையில குடுக்கறாங்க. உனக்குன்னுதான் சொல்றாங்க. நானும் போடறேன்" என்றான். பின்பக்கத் தொட்டியை நோக்கித் தலையைச் சாய்த்தான். "அக்கா கையில யாரு குடுப்பா? அவங்க கை யாருக்குத் தெரியுது?"

தொட்டியில் பாத்திரக்கார அக்கா முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தாள். குழந்தை வாந்தியெடுத்த அன்று அந்த மேஜைத் துணியை அலசியவளும் அவள்தான். அது மருமகளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டாள். டப்பா திறக்கும்போது, போட்டிருக்க வேண்டும், போடாதது தப்பு என்று தானே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். யார் சொல்லியும் அல்ல, தானாகவே.

ஆனால் கல்லாவில் இருந்தவர் அவளை முந்திக்கொண்டார்.

கடைசி மேஜையைச் சுற்றி வேலையாட்கள் உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்ததும் மாமனார் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சனிக்கிழமைகளில் அவர் இந்தப் பக்கம் வரமாட்டார். அது உங்கள் காசு, உங்கள் கணக்கு என்று ஒதுங்கியிருப்பது அவருடைய பெருமை. இன்றைக்கு வந்து நின்று தொண்டையைச் செருமினார். பின்னால் மகன் நின்றான், முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

புதன்கிழமை நடந்தது நடந்துவிட்டது, அதை இனி யாரும் பேச வேண்டாம் என்றார். வீட்டுப் பெண் என்பதற்காக ஒருத்தியின் உழைப்பு கணக்கில் வராமல் போகக்கூடாது, தனக்கும் வயசாகிறது, புத்தி இப்போதுதான் வந்தது என்றார். கடைசியில், "இந்த வாரத்துலேருந்து டப்பால எம் மருமகளுக்கும் ஒரு பங்கு" என்று சொல்லி முடித்தார்.

மருமகளுக்கு உடம்பு ஒரு நிமிஷம் லேசாகிவிட்டது. பொய் சொல்வானேன், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உழைப்பு என்ற சொல்லை இந்தக் கூரைக்குக் கீழே அவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கணவன் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், எப்படி என்பது போல.

மாமனார் தன் கையாலேயே ஒரு பங்கைப் பிரித்து அவள் முன்னால் தள்ளினார். துவைத்து வெளுத்த அந்த நோட்டைத் தேடியெடுத்து அதன் மேல் வைத்தார். பிறகு மீதியை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளட்டும் என்று கையைத் தட்டிக்கொண்டார்.

முதலாளி நல்லது செய்யும்போது என்ன சொல்ல முடியும். நெட்டை மேஜையில் இருந்த ஒரு கீறலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பாத்திரக்கார அக்கா மேஜை மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இந்த வாரப் பங்கு எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். அது குறைந்துவிட்டது. அந்த முகம் கோபப்படவில்லை, பழகிய முகம். மருமகள் அதைப் பார்த்தாள்.

பார்த்ததும் அவளுடைய சந்தோஷம் வடிய ஆரம்பித்தது. மருந்துக் கடையில் பில் போட்ட மூளை தூங்கிவிடவில்லை. மாமனார் கொடுத்தார். சரி, எங்கிருந்து கொடுத்தார்? அவர் கல்லாவிலிருந்து ஒரு செல்லாக்காசுகூட வெளியே வரவில்லை. அக்காவிடமிருந்து கொஞ்சம், நெட்டையிடமிருந்து கொஞ்சம் எடுத்து, மருமகள் உழைப்புக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. கொடுத்த புண்ணியம் மட்டும் அவருக்கு. இதில் கொடுமை என்னவென்றால், அது அவருக்கே தெரியாது. அவர் நிஜமாகவே மனம் நிறைந்து நின்றுகொண்டிருந்தார்.

அவள் தன் முன்னால் இருந்ததை, அந்த நோட்டையும் சேர்த்து, மேஜையின் நடுவுக்குத் தள்ளினாள்.

அக்கா மட்டும் அந்த நோட்டைப் பிரித்தெடுத்து நீட்டினாள். "இது உங்களுக்குக் குடுத்ததுதானே சின்னம்மா. இதை வெச்சுக்கோங்க."

"இல்லக்கா. அன்னிக்கே போட்டிருக்கணும். போடாதது என் தப்பு" என்றாள் மருமகள். சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்ட பிறகு அடுத்ததைச் சொல்வது எளிதாக இருந்தது. மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, இது இவங்க காசு. இதுல எனக்குப் பங்கு வேணாம்."

மாமனாருக்கு முகம் மாறியது. "அப்ப உனக்கு ஒண்ணும் வேணாங்கறியா?"

"வேணும் மாமா. கல்லாவுல இருந்து குடுங்க. மாசா மாசம். இவங்களுக்குக் குடுக்கற மாதிரி."

கணவன் அவள் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டான், போதும் என்ற குரலில். நெட்டை சுரண்டுவதை நிறுத்திவிட்டான்.

மாமனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தது வருத்தம்தான். கோபத்தைச் சமாளித்துவிடலாம், வருத்தப்படுகிற பெரிய மனிதரைச் சமாளிப்பது கஷ்டம்.

"என்னம்மா பேசற? கல்லாவே உன்னுதுதானே."

"அப்படின்னா நான் அதை ஒரு நாளாவது திறந்திருக்கேனா மாமா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டு முடித்ததும், பிறந்த வீட்டில் பொட்டிக்கடை வைத்திருக்கும் அப்பாவின் முகம், பயந்த சுபாவமுள்ள தங்கச்சி, ராத்திரி கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப்போவது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மாமனார் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. அது வேறு யார் இடுப்பிலும் இருந்ததில்லை.

அடுப்படி ஜன்னலில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. எல்லோருடைய பார்வையும் அங்கே போனது. மாமியார் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். புதன்கிழமை ஒரு ஈர நோட்டுக்கே அந்த ஆட்டம் என்றால், மாமனாரை எதிர்த்துப் பேசியதற்கு என்ன கிடைக்கப்போகிறதோ. அடுப்பு ஒவ்வொன்றாக அணையும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

மாமியார் ஏப்ரனோடு வெளியே வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் கூடத்துக்கு அவள் வருவதே அபூர்வம். வந்தாலும் உட்கார்ந்ததில்லை. வந்தவள் கணவருக்கு எதிரே போய் நின்றாள். மருமகளைப் பார்க்கவில்லை.

"இவ கையில ஒருத்தி காசு குடுத்துட்டுப் போனதை ஜன்னல் வழியாப் பாத்தப்பவே எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. அதனாலதான் அப்படிச் சத்தம் போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அவர் திகைத்துப்போய் நின்றார். அவள் தொடர்ந்து பேசினாள். நல்லா இருக்கு என்று சாப்பிடுகிறவர்கள் தட்டைத்தான் பாராட்டுகிறார்கள், தட்டைக் கொண்டுவந்த கையில்தான் வைக்கிறார்கள், ஆக்கினவள் உள்ளே இருக்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை என்றாள். அதையெல்லாம் அடுப்படியில் காய் நறுக்கும்போது பேசுகிற குரலில்தான் சொன்னாள். அழவில்லை.

"இவளுக்கு மாசம் எவ்வளவு போடலாம்னு யோசிக்கறப்ப எனக்கும் சேத்து யோசிங்க" என்றாள். "நான் இவளுக்கு முன்னாடி வந்தவ."

அம்மா என்று மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

பாத்திரக்கார அக்கா நகர்ந்து இடம் விட்டாள். மாமியார் மருமகளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெகு நேரம் நின்ற கால்களை மேஜைக்கு அடியில் நீட்டிக்கொண்டாள். அவளுடைய பாதங்கள் வீங்கியிருந்தன. மருமகள் அதை இதற்கு முன் கவனித்ததே இல்லை, மேடைக்குப் பின்னால் நிற்கிறவளின் பாதம் ஜன்னல் வழியாகத் தெரியாது.

வெளியே சாலையிலிருந்து தாமதமாக வந்த ஒரு பேருந்து திரும்பி உள்ளே வந்து நின்றது. கதவு திறந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். மாமனார் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தார். நெட்டை பாதி எழுந்தான், சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மருமகளின் கால்களும் பழக்கத்தில் எழப் போயின.

மாமியாரின் கை அவள் மணிக்கட்டில் விழுந்தது. எண்ணெயும் சூடும் பட்டுத் தடித்துப்போன கை.

"உக்காரு" என்றாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆள் உள்ளே வந்தார். பசி முகத்தில் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த மாமனாரைப் பார்த்து, சாப்பாடு ரெடியா என்று கேட்டார். பின்னால் பேருந்தில் வந்த அத்தனை பேரும் பதிலுக்குக் காத்து நின்றார்கள். அதற்கும், மேஜையில் கேட்ட சம்பளத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் மாமனார் மட்டும்தான்.